மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை: சேர்வராயன் மலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஏற்காடு ஒன்றியத்தில், குப்பனூர் சாலைப் பக்கம் சரியும் மலையில் ஒரு சின்ன ஊர். சுமார் 350 பேர். கிணற்றில் தண்ணீர் இருந்தது, கரண்ட் இருந்தது, மோட்டார் தினமும் ஓடியது, ஓடியதற்கு ஆபரேட்டரின் செல்போனில் குறுஞ்செய்தி ஆதாரமும் இருந்தது. அப்படியும் ஏறக்குறைய ஒரு மாதம் மேல் ஊருக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கீழ் ஊருக்கு வந்ததும் அரைகுறைதான். ஊர்ப் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுதவில்லை. யார் மேல் தப்பு என்று பார்ப்பதற்காக இதை எழுதவில்லை என்பது ஒன்று. இதே அமைப்பு சேலம் மாவட்டத்து மலை ஊர்களில் இன்னும் எத்தனையோ இடங்களில் இருக்கிறது என்பது இன்னொன்று.

ஒரே ஆள் ஐந்து ஊர் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறார். பாதி வேலை போனில், பாதி வேலை வண்டியில். இந்த ஏற்பாடு எங்கே நன்றாக ஓடுகிறது, எங்கே கண்ணுக்குத் தெரியாமல் உடைகிறது என்பதுதான் இந்த ஆய்வின் பொருள்.

அமைப்பு

சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. மேலாக மண்ணும் இளகிய பாறையும் இருக்கும், அதற்குக் கீழே கெட்டி. மழை நன்றாகப் பெய்தாலும் பாறைக்குள் அதிகம் தங்காமல் ஓடையாக இறங்கிவிடும். ஆகவே மலையில் ஊர் மேட்டிலும் தண்ணீர் பள்ளத்திலும் இருக்கும். (வானம் தெளிவாக இருந்தால், ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டிலிருந்து மேட்டூர் அணை தெரியும் என்பார்கள். பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.)

இந்த ஊருக்குக் கிணறு, காபித் தோட்டத்தின் அடிப்பள்ளத்தில் ஓடையை ஒட்டி இருக்கிறது. உள்ளே 7.5 குதிரைத்திறன் சப்மர்சிபிள் மோட்டார். அங்கிருந்து மூன்று இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், சுமார் 900 மீட்டர் நீளத்துக்கு மலை ஏறி, உச்சியில் இருக்கும் 20,000 லிட்டர் தரைத்தொட்டிக்குப் போகிறது. தொட்டியிலிருந்து மேல் ஊருக்கும் கீழ் ஊருக்கும் தண்ணீர் தானாகவே இறங்கும். மேல் ஊர் தொட்டியை விடச் சில மீட்டர்தான் தாழ்வு. தொட்டி பாதிக்கு மேல் நிரம்பினால்தான் அங்கே குழாயில் தண்ணீர் தலைகாட்டும்.

கிணற்று மட்டத்தை பூஜ்யமாக வைத்தால் தொட்டி 84 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் பைப் ஒரே சரிவாக ஏறவில்லை. தோட்டத்து வேலி ஓரமாக முதலில் 70 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டைத் தொடுகிறது. அங்கிருந்து 52 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு தாழ்வுக்கு இறங்குகிறது. பிறகு மறுபடி ஏறித்தான் தொட்டியைச் சேர்கிறது. வேலியைச் சுற்றிப் போனதால் வந்த வளைவு இது. பைப் போட்ட காலத்தில் அந்தத் தோட்டத்துக்குள் தோண்ட விடவில்லை என்கிறார்கள். இந்த 18 மீட்டர் இறக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு இந்த ஊரிலேயே ஒரு பெரியவர் ஆபரேட்டராக இருந்தார். காலையில் மோட்டார் போடுவார், தொட்டி நிரம்பியதும் நிறுத்துவார், வால்வு திருப்புவார், பிளீச்சிங் பவுடர் கலப்பார். முழங்கால் வலி வந்து அவர் நின்றுகொண்டார். அவர் இடத்துக்கு உள்ளூரில் ஆள் போடவில்லை. மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டினார்கள். அயோத்தியாப்பட்டணத்தில் இருந்து வரும் இளைஞர் ஒருவர் ஏற்கெனவே நான்கு ஊர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்; இதை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள். பம்ப் அறைக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் ஒரு அக்கா, வால்வு திருப்பவும் பவுடர் போடவும் ஒத்துக்கொண்டார். அவருக்குச் சம்பளம் என்று எதுவும் எழுத்தில் கிடையாது.

சுற்றி வரும் ஆபரேட்டரின் ஒரு நாள்

செல்போன் ஸ்டார்ட்டர் சேலம் பக்கத்து விவசாயிகளுக்குப் புதிது இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். அந்த எண்ணுக்குக் கூப்பிட்டோ குறுஞ்செய்தி அனுப்பியோ மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மூன்று பேஸும் வந்திருக்கிறதா, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அது பதில் அனுப்பும். பேஸ் ஒன்று போனாலோ, தண்ணீர் இல்லாமல் மோட்டார் சும்மா ஓடினாலோ தானே நிறுத்திக்கொள்ளும்.

நம் ஆபரேட்டர் ஐந்து மோட்டாரையும் போனில் ஊர்ப் பெயரோடு பதிந்து வைத்திருக்கிறார். காலையில் மலை ஏறும் முன்பே ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு ஓட விட்டுவிடுவார், ஏனென்றால் ஏறத் தொடங்கிவிட்டால் சிக்னல் வரும், போகும். சாயங்காலம் மறுபடி. நடுவில் எங்கே பழுதோ அங்கே வண்டி போகும். காற்று மழைக் காலத்தில் சில்வர் ஓக் கிளை முறிந்து லைன் மேல் விழுந்தால் இரண்டு மூன்று ஊர் ஒரே நேரத்தில் நின்றுவிடும். எதை முதலில் பார்ப்பது என்பதே ஒரு கணக்கு. சாயங்காலம் அனுப்பிய செய்தி சிக்னல் இல்லாமல் தங்கி, நள்ளிரவில் போய்ச் சேர்ந்து, மோட்டார் தானாக ஓடிய கதையும் உண்டு. அதற்கப்புறம் அவர் செய்தி அனுப்புவதையே விட்டுவிட்டார். கூப்பிடுவார், அந்தப் பக்கம் எடுத்தால்தான் நம்புவார்.

இந்த மனிதர் அலட்சியக்காரர் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன். இந்தப் பழுதைத் தூரத்திலிருந்து யாராலும் பிடித்திருக்க முடியாது. காரணம் பின்னால் வருகிறது.

புகாரும் சந்தேகங்களும்

பெரியவர் நின்ற சில வாரங்களில் மேல் ஊர்க்காரர்கள் தண்ணீர் வரவில்லை என்றார்கள். ஆபரேட்டர் போனைப் பார்த்தார். மோட்டார் ஓடுகிறது, மூன்று பேஸ் சரி, 12 ஆம்பியர். ஒரு குறையும் இல்லை. மேல் ஊருக்கு உடனே தோன்றியது, கீழ் ஊர்க்காரர்கள் வால்வைத் திருப்பிவிட்டார்கள் என்பது. அது சண்டையாகும் அளவுக்குப் போனது. உண்மையில் வால்வை யாரும் தொடவில்லை. தொட்டி பாதிக்குக் கீழே நின்றால் மேல் ஊருக்குத் தண்ணீர் எட்டாது, இருக்கிற கொஞ்சமும் கீழ் ஊருக்குத்தான் இறங்கும். மட்டம் செய்த வேலைக்கு மனிதர்கள் பழி சுமந்தார்கள்.

அடுத்த சந்தேகம் கிணறு. மார்ச் மாதம், வெயில் ஏறுகிறது, ஊற்று குறைந்திருக்கும் என்றார்கள். எட்டிப் பார்த்தால் மோட்டாருக்கு மேல் தண்ணீர் தாராளமாக நின்றது. பிறகு தோட்டத்துக்காரர் பைப்பில் துளை போட்டுத் திருடுகிறார் என்றார்கள். அதற்கும் தடயம் இல்லை.

இதற்கு நடுவில் நடந்த ஒரு விஷயத்தை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மோட்டார் ஓட ஆரம்பித்துக் கால் மணி நேரத்தில் ஸ்டார்ட்டர் அடிக்கடி தானாக நின்றது. ‘தண்ணீர் இல்லாமல் ஓடுகிறது’ என்று செய்தி வந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கும்போது இப்படிச் செய்தி வந்தால் யாருக்கும் ஸ்டார்ட்டர் மேல்தான் சந்தேகம் வரும். மெக்கானிக் ஒருவர் வந்து, எட்டு ஆம்பியருக்குக் கீழே போனால் நிற்க வேண்டும் என்று வைத்திருந்த அளவை ஆறாகக் குறைத்துவிட்டார். மோட்டார் நிற்காமல் ஓடியது. எல்லோருக்கும் நிம்மதி. இந்த முழு அமைப்பிலும் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பொருள் அந்த ஸ்டார்ட்டர்தான். அதன் வாயையும் அன்றைக்கு அடைத்தாயிற்று.

தண்ணீர் போதவில்லை என்றதும் ஆபரேட்டர் ஓடும் நேரத்தைக் கூட்டினார். ஒரே மூச்சில் ஓட விட்டால் மோட்டார் சூடாகும் என்று காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி என்று பிரித்தார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த லைனுக்கு அதை விடக் கெடுதல் எதுவும் இல்லை.

இறங்கிப் பார்த்தது

பழுதைப் பார்க்க எங்களைக் கூப்பிட்டபோது பம்ப் அறையில் பிரஷர் கேஜ் (தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் கருவி) இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு பிளக் இருந்தது. மலை ஊர்ப் பம்ப் அறைகளில் வேலை செய்யும் கேஜைப் பார்ப்பது அபூர்வம். ஒன்றை வாங்கி மாட்டினோம். மோட்டார் ஒயரில், ஒயரை வெட்டாமலே ஆம்பியரை அளக்கும் டாங் டெஸ்டரைக் கோத்துவிட்டு, மோட்டாரைப் போட்டு, இரண்டு அளவையும் பக்கத்தில் உட்கார்ந்து குறித்தோம்.

ஆரம்பத்தில் 12 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலேயே இழுத்தது. கேஜில் அழுத்தம் குறைவு. நிமிடம் போகப் போக அழுத்தம் ஏறியது, ஆம்பியர் இறங்கியது. கால் மணி நேரத்தில் கேஜ் 10.2 கிலோவுக்குப் போய் நின்றுவிட்டது (கேஜில் ஒரு கிலோ என்றால் சுமார் பத்து மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கும் அழுத்தம்). டாங் டெஸ்டர் ஏழு ஆம்பியரைக் காட்டியது. அப்புறம் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் மாற்றமில்லை.

பம்ப்காரர்களுக்கு இந்த ஜோடி அளவு ஒரு மொழி. மையவிலக்குப் பம்பில் தண்ணீர் அதிகம் போனால் ஆம்பியர் கூடும், குறைவாகப் போனால் குறையும். ஆம்பியரும் குறைவு, அழுத்தமும் குறைவு என்றால் கிணற்றுப் பக்கம் கோளாறு: தண்ணீர் இல்லை, அல்லது சல்லடை அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தேய்ந்திருக்கிறது. ஆம்பியர் அதிகம், அழுத்தம் குறைவு என்றால் எங்கோ பைப் உடைந்து தண்ணீர் வெளியே போகிறது. ஆம்பியர் குறைவு, அழுத்தம் அதிகம் என்றால் முன்னால் ஏதோ மறித்துக்கொண்டு நிற்கிறது. எங்களுக்குக் கிடைத்தது இந்த மூன்றாவது. கிணறு வற்றியது, தோட்டத்துக்காரர் திருடியது ஆகிய இரண்டு கதையும் அந்தக் கால் மணி நேரத்தில் முடிந்தன.

ஸ்டார்ட்டர் ஏன் 12 ஆம்பியர் என்று சொன்னது என்பதும் புரிந்தது. மோட்டார் போட்ட ஒரு நிமிடத்தில் எடுத்த அளவைத்தான் அது அனுப்புகிறது. அப்போது பைப் காலியாக இருப்பதால் பம்ப் சுலபமாகத் தள்ளுகிறது. கால் மணி கழித்து என்ன ஆகிறது என்பது செய்தியில் இல்லை. ஆபரேட்டர் பார்த்த எண் பொய் இல்லை, பார்க்க வேண்டிய நேரத்து எண் இல்லை.

பைப் ஏன் காலியாக இருந்தது? அதைச் சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. “மோட்டார் நின்னதுக்கப்புறமும் கிணத்துக்குள்ள தண்ணி கொட்டற சத்தம் ரொம்ப நேரம் கேக்கும் தம்பி. ராத்திரியில நல்லாவே கேக்கும்” என்றார். மோட்டார் நின்றால் பைப்பில் இருக்கும் தண்ணீர் திரும்பிக் கிணற்றில் விழாமல் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் போக விடும் வால்வு) பிடிக்க வேண்டும். அது பிடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது தகட்டின் ரப்பர் ஓரம் பாதி தின்றுபோய், ஆற்று மணல் பொடி அதில் ஒட்டியிருந்தது. கிணற்றிலிருந்து மேடு வரை உள்ள பைப் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அது அத்தனையும் கிணற்றுக்கே திரும்பியிருக்கிறது.

ஆனால் இது மட்டும் காரணமாக இருந்தால் மோட்டார் கால் மணி நேரம் அதிகமாக ஓடினால் போதும். தண்ணீர் ஏறியிருக்க வேண்டும். 10.2 கிலோ அழுத்தம் எங்கிருந்து வந்தது?

மேட்டில் இருந்தது

பழைய ஆபரேட்டரை அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தோம். மோட்டார் போடுவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னோம். அவர் சொன்னது அப்படியே:

“கிணத்தாண்ட மோட்டாரைப் போட்டுட்டு மேல நடப்பேன். நான் மேட்டுக்குப் போறதுக்கும் அது அங்க ஏறதுக்கும் சரியா இருக்கும். காக்கைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து போவும். தண்ணி பீச்சினதும் மூடிட்டு டேங்குக்குப் போவேன்.”

காக் என்றால் கையால் திறந்து மூடும் சின்ன வால்வு. எந்தக் காக்? புது ஆபரேட்டர் விழித்தார். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று கேட்டதற்குப் பெரியவர், “மோட்டார் போட்டா ஏர் எடுத்து விடத்தானே சாமி வேணும், அதையும் தனியா சொல்லணுங்களா?” என்றார். அவரைப் பொறுத்தவரை அது தனி வேலையே இல்லை. மோட்டார் போடுவது என்றால் சுவிட்சைத் தட்டுவது, மேட்டுக்கு நடப்பது, காற்றை விடுவது, மூன்றும் சேர்ந்ததுதான்.

மேட்டில் உண்ணிச்செடிப் புதரை வெட்டிப் பார்த்தோம். அரை இஞ்ச் பால் வால்வு (உள்ளே பந்து திரும்பித் திறக்கும் கைவால்வு) ஒன்று துருப்பிடித்து மூடிக் கிடந்தது. பெரியவர் சொன்ன காக் அதுதான். முதலில் அந்த இடத்தில் தானியங்கி ஏர் வால்வு இருந்திருக்கிறது. மணல் சிக்கி அது ஒழுகி, பாதையெல்லாம் சேறாகி, தோட்டத்து ஆட்கள் சத்தம் போட்டதால் பல வருடம் முன்பு யாரோ அதைக் கழற்றிவிட்டு இந்தப் பால் வால்வை வைத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து இயந்திரம் செய்த வேலையைப் பெரியவரின் கை செய்தது. பெரியவர் நின்றார், அந்தக் கையும் போயிற்று. எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

இப்போது அந்த 18 மீட்டர். இரவில் ஏறு பைப் காலியாகிக் காற்று நிரம்புகிறது. காலையில் பம்ப் தண்ணீரைத் தள்ளும்போது அந்தக் காற்று போக வழியில்லாமல் மேட்டைத் தாண்டி இறங்கு பைப்பில் அடைபடுகிறது. தாழ்வில் நிற்கும் தண்ணீர் அதைக் கீழிருந்து அடைக்கிறது. சாதாரணமாக மேட்டிலிருந்து தாழ்வுக்கு இறங்கும் தண்ணீரின் எடையே மறுபக்கம் ஏற உதவும், அதனால் பம்ப் 84 மீட்டர் மட்டும் தூக்கினால் போதும், உராய்வோடு சேர்த்து 92. இறங்கு பைப்பில் தண்ணீருக்குப் பதில் காற்று இருந்தால் அந்த உதவி கிடைக்காது. பம்ப் 70 மீட்டர் மேட்டுக்கும் தூக்க வேண்டும், தாழ்வான 52-இலிருந்து 84 வரை உள்ள 32 மீட்டரையும் புதிதாகத் தூக்க வேண்டும். மொத்தம் 102 மீட்டர். கேஜ் காட்டிய 10.2 கிலோ அதுதான். இந்தப் பம்பால் அதிகபட்சம் தள்ள முடிவதே அதற்குச் சற்று மேலே. ஆகவே மேட்டின் வழியாகத் தண்ணீர் நூலாக வழிந்ததே தவிர ஓடவில்லை. நல்ல வேகத்தில் ஓடினால் தண்ணீரே காற்றை இழுத்துக்கொண்டு போகும். நூலாக வழிவதால் அதுவும் இல்லை.

மணிக்கு 10,800 லிட்டர் ஏற்ற வேண்டிய பம்ப் சுமார் 2,500 லிட்டர்தான் ஏற்றியது. ஒன்றரை மணி நேரத்தில் முதல் கால் மணி காலிப் பைப்பை நிரப்பப் போய்விடும். மீதியில் 3,000 லிட்டர் தொட்டியில் விழும். காலையும் மாலையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு 6,000. நேரத்தைப் பிரித்தது ஏன் கெடுதல் என்றால், ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் ஒரு பைப் தண்ணீர் வீண், ஒரு புதுக் காற்றடைப்பு இலவசம்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. தொட்டி தினம் ஒருமுறை நிரம்பினால் இந்த ஊருக்கு அது கிடைக்கும். அந்த மாதம் கிடைத்தது ஆளுக்கு 17 லிட்டர், அதுவும் எல்லோருக்கும் இல்லை.

பிளீச்சிங் வாடை

இது கிளைக்கதை போலத் தெரியும், ஆனால் எனக்கு இதுதான் அதிகம் கவலை தந்தது. 1,000 லிட்டருக்கு நான்கு கிராம் என்ற கணக்கில் ஆபரேட்டர் 80 கிராம் பிளீச்சிங் பவுடரைப் பொட்டலம் கட்டி, நாளுக்கு ஒன்று என்று அக்காவிடம் கொடுத்து வைத்திருந்தார். பவுடரில் கால் பங்கு குளோரின் இருந்தால், நிரம்பிய தொட்டியில் அது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். சரியான அளவு. தொட்டியில் 6,000 லிட்டர்தான் இருக்கிறது என்று பொட்டலத்துக்கு எப்படித் தெரியும்? மூன்று மடங்குக்கு மேல் குளோரின் ஏறி, வாடை தாங்காமல் கீழ் ஊர்க்காரர்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் விட்டார்கள். துணி துவைக்கக் குழாய், குடிக்க ஓடை ஊற்று என்று ஆனது. ஊற்றுக்கு மேலே மாடு மேய்கிறது.

வாடை அதிகம் என்று புகார் வந்ததும் பவுடரைப் பாதியாக்கினார்கள். அப்போது மூட்டை பிரித்து மலை ஈரத்தில் சக்தி குறைந்துபோன பவுடர் வந்தது. தண்ணீரில் குளோரின் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப்பில் சோதித்தபோது கடைசி வீட்டுக் குழாயில் மஞ்சள் நிறமே வரவில்லை. அங்கே குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். ஆக ஒரே மாதத்தில் அதிகமும் ஆனது, இல்லாமலும் போனது. மோட்டாரைப் போனில் போடலாம். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரியாமல் மருந்தைப் போனில் போட முடியாது.

செய்தது

நான்-ரிட்டர்ன் வால்வை மாற்றினோம். மேட்டில் மறுபடி தானியங்கி ஏர் வால்வு வைத்து, அதற்கு முன்னால் ஒரு கேட் வால்வும், சுற்றிலும் செங்கல் தொட்டியும் மூடியும் போட்டோம். மணல் சிக்கினால் லைனை நிறுத்தாமல் கழற்றிக் கழுவலாம். ஒழுகினாலும் பாதையில் ஓடாமல் ஓரமாக வடியும். முன்பு கழற்றி எறிந்த காரணம் சேறுதான். அதைச் சரிசெய்யாமல் புது வால்வு வைத்தால் அடுத்த வருடம் அதுவும் போய்விடும்.

ஸ்டார்ட்டரின் அளவை மறுபடி எட்டு ஆம்பியருக்கு ஏற்றினோம். மோட்டாரை ஒரே ஓட்டமாகக் காலையில் மட்டும் ஓட விட்டோம். கேஜ் 9.2 கிலோ, டாங் டெஸ்டர் 11 ஆம்பியர். இரண்டேகால் மணி நேரத்துக்குள் தொட்டி நிரம்பியது. கேஜைக் கழற்றாமல் அங்கேயே விட்டோம். அதன் கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டாயிற்று. முள் கோட்டைத் தாண்டினால் போன் பண்ண வேண்டும், படிக்கத் தெரிய வேண்டியதில்லை.

தொட்டியில் மட்டம் காட்டும் சென்சார் வைக்கலாமா என்று பேச்சு வந்தது. வைக்கலாம், நல்லதுதான். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் ஸ்டார்ட்டருக்குச் செலவழிப்பதை விடத் தொட்டி மட்டத்துக்குத்தான் செலவழிப்பேன். ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பற்றிச் சொல்கிறது. ஊருக்கு வேண்டியது தண்ணீரைப் பற்றிய சேதி. சென்சார் வரும் வரை ஒரு ஏற்பாடு: தொட்டியில் தண்ணீர் நூலாக இல்லாமல் பலமாக விழும் சத்தம் கேட்டதும் மேல் ஊரில் ஒருவர் ஆபரேட்டருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். மோட்டார் போட்டு அரை மணிக்குள் மிஸ்டு கால் வராவிட்டால் ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிட்டு வண்டியை எடுப்பார். செலவு ஒன்றுமில்லை. அந்த மாதத்திலேயே இது இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

பிளீச்சிங் பொட்டலத்தை நான்காகப் பிரித்தோம். தொட்டி ஏணியில் நான்கு கோடு. தண்ணீர் எத்தனை கோடு ஏறியிருக்கிறதோ அத்தனை பொட்டலம்.

ஆள் விஷயம்

அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் சாலையே இல்லாத ஊர்கள் நிறைய. அங்கே குடிநீர் நிலையங்களைப் பார்க்க வெளியிலிருந்து ஆட்கள் சிறு விமானத்தில் ஊர் ஊராகப் போகிறார்கள். ஆனால் நிலையத்தை ஓட்டுவது அவர்கள் இல்லை, அந்தந்த ஊரின் ஆபரேட்டர். வருகிறவர் கற்றுக்கொடுப்பார், கைமீறிய பழுதைப் பார்ப்பார், அடுத்த ஊருக்குப் போவார். நாம் செய்தது தலைகீழ். சுற்றி வருகிறவரை ஓட்டுநராக்கிவிட்டு, ஊரில் இருக்கும் அக்காவைக் கணக்கில் இல்லாத கையாளாக்கிவிட்டோம். ஐந்து ஊருக்கு ஐந்து முழுநேர ஆள் போட ஊராட்சிகளிடம் பணம் இல்லை என்பது உண்மைதான். அக்காவுக்குப் பகுதிநேரச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்றால் நான் நம்பமாட்டேன். அந்த மாதத்தில் மோட்டார் வீணாக ஓடிய மின்கட்டணமும் அதே கணக்கில்தான் வருகிறது.

பழுதைத் தீர்த்ததில் பாதி கேஜ் செய்தது, மீதி அக்காவின் காது செய்தது. இரவில் கிணற்றுக்குள் தண்ணீர் கொட்டுவதை ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். ஆபரேட்டர் வாரம் ஒருமுறை வந்தபோதெல்லாம் அவரிடம் கேட்டது ‘பவுடர் போட்டீங்களா’ என்பதை மட்டும். இப்போது கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம்: மோட்டார் நின்ற பிறகு என்ன சத்தம், முள் கோட்டுக்கு மேலா கீழா, தொட்டியில் எத்தனை கோடு.

அதே போல ஓர் ஊரின் மோட்டாரைப் போனுக்கு மாற்றும் முன், பழைய ஆபரேட்டரோடு கிணற்றிலிருந்து தொட்டி வரை ஒரு நடை நடக்க வேண்டும் என்பதை ஊராட்சித் தரப்பு ஏற்றுக்கொண்டது. திண்ணையில் உட்கார்ந்து பொதுவாகக் கேட்டால் அவர் எல்லாவற்றையும் சொல்லமாட்டார், சொல்லத் தோன்றாது. நடக்கும்போது அவர் எங்கே நிற்கிறாரோ, எதைத் தொடுகிறாரோ, அதை எழுதிக்கொள்ள வேண்டும். லைன் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று ஒரு கோட்டுப் படமும் பம்ப் அறைச் சுவரில் இருக்க வேண்டும். பெரியவரை ஜீப்பில் மேட்டுக்குக் கூட்டிப்போனோம். புது ஏர் வால்வைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது எத்தனை நாளைக்கு” என்றார். நியாயமான கேள்விதான், அதனால் பழைய பால் வால்வையும் பக்கத்திலேயே விட்டுவைத்திருக்கிறோம்.

ஆபரேட்டரின் மற்ற நான்கு ஊர்களில் இரண்டில் லைன் நேராக ஏறுகிறது, அங்கே இந்தத் தொல்லை வராது. ஒன்றில் மேடு இருக்கிறது, ஏர் வால்வும் இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. நான்காவதில் பைப் எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்தவர் ஒரே ஒருவர், அவருக்கும் வயதாகிவிட்டது. கோடை விழாக் கூட்டம் மலை ஏறுகிற மே மாதத்துக்கு முன்பு அவரோடு நடந்துவிட வேண்டும் என்று ஆபரேட்டர் நாள் கேட்டிருக்கிறார். அக்காவின் சம்பளத் தீர்மானம் அடுத்த ஊராட்சிக் கூட்டத்துக்குப் போகிறது.